பிளாஸ்டிக் பாகங்களுக்குப் புது வண்ணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் ஃபேரிங் (முன்புறத்தை மூடும் பிளாஸ்டிக் உறை), பக்கவாட்டு பேனல்கள் ஆகியவற்றில் வண்ணம் மங்கி, விளிம்புகளில் உரியத் தொடங்கியிருக்கிறது. இரும்புக் கதவுக்குப் பயன்படுத்திய பெயின்ட் ரிமூவர் மீதம் இருக்கிறது. அதைப் பூசிப் பழைய வண்ணத்தை முழுவதும் எடுத்துவிட்டு, வீட்டிலேயே ஸ்பிரே டின் கொண்டு புதிதாக அடிக்கலாமா?

பதில்: வீட்டிலேயே அடிக்கலாம், ஆனால் அந்த ரிமூவரைத் தொடாதீர்கள். ஃபேரிங்கும் பக்கவாட்டு பேனல்களும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உலோகத்துக்கான ரிமூவரில் உள்ள கரைப்பான்களும், அசிட்டோனும், தின்னரும் வண்ணத்தை இளக்கும் அதே வேகத்தில் ஏபிஎஸ்ஸையும் இளக்கிவிடும். மேற்பரப்பு பிசுபிசுத்துக் குழைந்துபோன பேனலை எந்தத் தேய்ப்பாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பிரேக் ஆயிலை ஊற்றி ஊறவைத்தால் வண்ணம் கழன்றுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. வண்ணம் கழல்வது உண்மைதான் என்றாலும், திருகு இறுக்கும் துளைகளைச் சுற்றி ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அது மெல்லிய விரிசல்களை உண்டாக்கக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் வேண்டாம். ஏபிஎஸ் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டும்போதே வளையத் தொடங்கிவிடும். ஹீட் கன்னோ அதைப் போலப் பல மடங்கு சூட்டைக் கக்கும்.

இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி, பழைய வண்ணத்தை முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா என்பது. தொழிற்சாலையில் அடித்த வண்ணம் எங்கெல்லாம் உறுதியாகப் பற்றியிருக்கிறதோ அங்கெல்லாம் அதுவே புது வண்ணத்துக்கு மிகச் சிறந்த அடித்தளம். நாம் வீட்டில் போடும் எந்தப் பிரைமரும் (அடிப்பூச்சு) அந்த அளவுக்குப் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளாது. எனவே உரிந்த இடங்களை மட்டும் 240 அல்லது 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, உறுதியான வண்ணம் தொடங்கும் விளிம்பு விரல் நுனிக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக இறக்கி, மற்ற பரப்பு முழுவதையும் 600 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டாலே போதும். பரப்பு முழுவதும் உரிந்தோ வெடித்தோ போயிருந்தால்தான் அடிவரை இறங்க வேண்டும். அதையும் உப்புத்தாளாலேயே செய்யுங்கள். வேலை நீளும், தோளும் வலிக்கும். ஆனால் பேனல் பிழைக்கும்.

தேய்ப்பதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் நன்றாகக் கழுவிவிடுவது அவசியம். சங்கிலி எண்ணெயும் சிலிகான் கலந்த பாலிஷும் இருக்கும் பரப்பை அப்படியே தேய்த்தால், அவை கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு அடிக்கும் வண்ணம் ஆங்காங்கே விலகி, மீன் கண்ணைப் போன்ற வட்டக் குழிகளை ஏற்படுத்தும். தேய்த்து முடித்தபின் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அதன்பின் வெறும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்படங்களை முடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டில் உரித்து எடுக்கலாம். அவற்றின் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு அடிக்கப்பட்டிருந்தால் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் ஒரே பிரைமர், ஒரே வண்ணம் கொண்டு எல்லாப் பாகங்களையும் அடித்தேன். பக்கவாட்டு பேனல்கள் நன்றாக இருக்கின்றன. பின்சக்கரத்துக்கு உட்புற மட்கார்டில் மட்டும் வண்ணம் தாள் தாளாக உரிந்து வருகிறது. ஏன்?

பதில்: அந்த மட்கார்டு அநேகமாகப் பாலிபுரொப்பிலீன் என்னும் வேறு பிளாஸ்டிக்காக இருக்கும். பாகத்தின் உட்புறத்தில் > < என்னும் இரண்டு கூர் அடையாளங்களுக்கு நடுவே அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஏபிஎஸ் (ABS) என்றோ, பாலிபுரொப்பிலீனைக் குறிக்கும் பிபி (PP) என்றோ இருக்கும். எழுத்து தென்படாவிட்டால், மறைவான விளிம்பிலிருந்து சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். கலப்பில்லாத பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்பதால் அது மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

பாலிபுரொப்பிலீன் மெழுகுத்தன்மை கொண்டது; சாதாரணப் பூச்சுகள் அதன் மேல் எளிதில் பரவிப் பற்றாது. கரைப்பான்களும் அதை எளிதில் தீண்டுவதில்லை என்பதால், ஏபிஎஸ்ஸில் நடப்பதுபோலப் பிரைமர் மேற்பரப்பைச் சற்றே இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் இங்கே கிடையாது. தொழிற்சாலைகளில் அதன் மேற்பரப்பில் நெருப்புச் சுடரை ஓட்டி, வேதியியல் முறையில் மாற்றிய பிறகே வண்ணம் அடிப்பார்கள். வீட்டில் அதற்கு மாற்று, பாலிபுரொப்பிலீனுக்கென்றே விற்கப்படும் அட்ஹெஷன் புரமோட்டர் என்னும் திரவம். தேய்த்துத் துடைத்த பரப்பில் அதை மிக மெல்லியதாக அடித்து, டின்னில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள் அடுத்த பூச்சைப் போட வேண்டும். உரிந்துகொண்டிருக்கும் வண்ணத்தை நகத்தால் கிளறி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அந்த இடத்தில் சக்கரம் எறியும் கல்லும் மண்ணும் நாள்தோறும் மோதும். அது முதலில் சாயமேற்றிய கருப்புப் பிளாஸ்டிக்காகவே வந்திருந்தால், வண்ணமே அடிக்காமல் விடுவதுதான் என் விருப்பம்.

கேள்வி: டின்னில் வந்த கிளியர் கோட் அடித்த பேனலில் பெட்ரோல் சிந்தியதும் பூச்சு இளகிவிட்டது. வேறு ஒரு பேனலில் வெண்மையான மூட்டம் படர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில்: வெவ்வேறு. கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலரும் ஒற்றைக் கூறு கிளியரைப் பெட்ரோல் மீண்டும் இளக்கிவிடும். டேங்கை ஒட்டிய பேனல்களுக்கு, கெட்டிப்படுத்தி கலந்து வேதிவினையால் இறுகும் இரண்டு கூறு கிளியரே பொருந்தும். அந்தக் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது; அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, துணி முகக்கவசமோ தூசுக் கவசமோ அதைத் தடுக்காது. டின்னில் சொல்லியிருக்கும் சுவாசக் கருவியும் கையுறையும் திறந்தவெளியும் இல்லையென்றால், அந்த ஒரு பூச்சை மட்டும் தொழில்முறைப் பெயின்டரிடம் விட்டுவிடுங்கள்.

வெண்மூட்டத்துக்குக் காரணம் ஈரக்காற்று. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழைநாளிலும் அதிகாலையிலும் அடிக்காதீர்கள். வறண்ட பகற்பொழுதில், 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து, ஒரே தடிப்பான பூச்சாக இல்லாமல் மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். இலேசான மூட்டமானால் வெதுவெதுப்பான நாளில் இன்னொரு மெல்லிய கிளியர் பூச்சு அடித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்; தெளியாவிட்டால் 800 எண் வாட்டர் பேப்பரால் மூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் அடியுங்கள். அடியில் இருப்பது மெட்டாலிக் வண்ணமாக இருந்தால், தேய்ப்பு கிளியரைத் தாண்டி அதைத் தொட்டுவிடக் கூடாது. தொட்ட இடம் திட்டாகத் தெரியும், அந்தப் பேனல் முழுவதற்கும் வண்ணம் மறுபடி அடிக்க வேண்டிவரும்.