மூட்டுக்காகச் சோற்றை விடலாமா?

உணவு ஆலோசனை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 34. பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சென்ற ஆண்டு வயிற்றுப்போக்கு அதிகமானபோது வலது முழங்காலும் இடது கணுக்காலும் வீங்கின. காலையில் எழுந்தால் இடுப்பு பலகை போல இறுகிக் கிடக்கிறது. மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசதயோப்ரினும் தொடங்கினார். அதே வாரத்தில் இணையத்தில் படித்துவிட்டு, மாவுச்சத்தை அறவே நிறுத்தினேன். சோறு, இட்லி, கோதுமை, கிழங்கு, பருப்பு எதுவும் இல்லை. பிறகு பால், தயிர், வெங்காயம், பூண்டு, புளி என்று ஒவ்வொன்றாக விட்டேன். அயோடின் புட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எந்தக் காயானாலும் நறுக்கி ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். நீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவேன். இப்போது முட்டை, மீன், கோழி, சில காய்கள், நன்றாகப் பழுத்த பழம், இவ்வளவுதான் சாப்பாடு. மூன்று மாதத்தில் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வயிறும் அடங்கிவிட்டது. ஆனால் 53 கிலோ இருந்தவள் 44 கிலோ ஆகிவிட்டேன். உயரம் 156 செ.மீ. முடி கொட்டுகிறது. இடுப்பு இறுக்கம் மட்டும் போகவில்லை. தாங்க முடியாத நாளில் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். பழைய சோறு சாப்பிட்டால் வயிறு ஆறும் என்கிறார் மாமியார். எனக்கோ சோற்றைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஆயுள் முழுவதும் இப்படியே இருக்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் சோறு சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்தேன்: "அதே வாரத்தில்." ஸ்டீராய்டு சில நாட்களிலேயே வீக்கத்தைக் குறைக்கும். அசதயோப்ரின் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீங்கள் குணம் கண்ட காலமும் அதுவே. முழுப் பெருமையையும் சோற்றை விட்டதற்குக் கொடுத்துவிட்டால், நாளை மருந்தை நிறுத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். அந்த எண்ணத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள்.

குடல் நோயோடு வரும் மூட்டு வலி ஒரே வகையானது அல்ல. முழங்கால், கணுக்கால் போன்ற சில பெரிய மூட்டுகளில் திடீரென்று வரும் வீக்கம் பெரும்பாலும் குடலின் நிலையை ஒட்டியே போகும். குடல் புண் ஆறினால் அதுவும் தணியும். உங்கள் முழங்கால் அந்த வகை. கைவிரல்கள் போன்ற பல சிறு மூட்டுகளைப் பிடிக்கும் வகையும் உண்டு. அது குடல் அமைதியாக இருக்கும்போதும் தொடரும். இடுப்பு மூட்டிலும் முதுகெலும்பிலும் வருவதும் அப்படித்தான், அது குடலைப் பார்த்து நடக்காது. வயிறு அடங்கியும் உங்கள் காலை இறுக்கம் அசையாமல் இருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். இன்னும் நான்கு காய்களை விட்டால் இடுப்பு சரியாகும் என்று தயவுசெய்து தேடிப் போகாதீர்கள். அதற்கு வாதநோய் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மாவுச்சத்து இல்லாத உணவுமுறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் எப்ரிங்கர், குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கும் முதுகெலும்பு வாதத்துக்கும் தொடர்பு உண்டு என்று வாதிட்டவர். மாவுச்சத்தைக் குறைத்தால் அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி குறையும் என்பது அவர் கருத்து. அதனால் பயன் கண்டதாகச் சொல்கிறவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் அதை நிறுவவில்லை. கிரோன்ஸ் நோயைப் பொறுத்தவரை, தானியங்களை முழுவதும் விலக்கும் உணவுமுறையையும், தானியம் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ஆறு வாரத்தின் முடிவில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொந்தரவு அடங்கியிருந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தானியத்தை விட்டவர்கள் கூடுதலாக எதையும் பெற்றுவிடவில்லை.

இப்போது உங்கள் எடை. உங்கள் உயரத்துக்கு 44 கிலோ என்பது ஆரோக்கிய எல்லைக்குக் கீழே. குடல் நோயில் இருந்து மீள்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். உங்களுக்கு நாளைக்கு 55, 60 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20. மிச்சத்தைப் பருப்பும் தயிரும் சோறும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். சோற்றில் புரதமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 200 கிராம் அரிசியில் 14 கிராம் அளவுக்கு இருக்கிறது. மாவுப்பொருளே இல்லாதபோது, சாப்பிடும் மீனையும் முட்டையையும் உடல் எரிபொருளாகச் செலவழித்துவிடுகிறது. தசை கரைவது அதனால்தான். முடி கொட்டுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். ஆனாலும் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவற்றை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். பி12 உறிஞ்சப்படும் இடமே சிறுகுடலின் கடைசிப் பகுதி; உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது. அசதயோப்ரினாலும் சிலருக்கு முடி கொட்டும் என்பதால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

அந்த அயோடின் புட்டியை எடுத்து வைத்துவிடுங்கள். மாவுச்சத்து இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த மாவு குடலில் எங்கே போய்ச் செரிக்கிறது என்பதைச் சொல்லாது. சுடச்சுடக் குழைய வெந்த அரிசிச் சோறு சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுவதும் செரித்துவிடும். கோதுமை, கிழங்கு, பயறு வகைகளில் ஒரு பகுதி பெருங்குடல் வரை போய் வாயுவாகும். அயோடினுக்கு எல்லாம் ஒரே நீலம்தான்.

ஆகவே அரிசியில் இருந்து தொடங்குங்கள். பச்சரிசியைக் குழைய விட்டு, உப்புப் போட்ட கஞ்சியாக ஒரு சிறு கிண்ணம், மதியத்தில் மட்டும், மூன்று நாள். அந்த மூன்று நாளும் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். நோட்டில் மலம், வயிறு, முழங்கால், இடுப்பு என்று நான்கு கட்டம் போட்டுக் குறித்துவாருங்கள். சிக்கல் இல்லையென்றால் அளவைக் கூட்டி, அடுத்ததாகத் தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழைத்துச் சேருங்கள். பிறகு தயிர், பிறகு இட்லி. கோதுமையும் முழுப்பயறும் கடைசியில் வரட்டும். காய்களில் சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, கேரட் நல்லது. தோலும் விதையும் நீக்கி வேகவையுங்கள். முருங்கைக்கீரையை வேகவைத்து, அரைத்து, வடிகட்டிச் சூப்பாகக் குடிக்கலாம்.

பூண்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். வயிறு உப்பச் செய்யும் ஃப்ரக்டான் என்ற சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே தாளியுங்கள். மணம் இருக்கும், தொந்தரவு இருக்காது. ரசத்தில் தட்டிப் போட்டால் ஃப்ரக்டான் அப்படியே ரசத்துக்குள் இறங்கிவிடும். ஒன்றரை வருடமாக வாசனையே இல்லாமல் சாப்பிட்டு வந்த நோயாளி ஒருவர், இந்தத் தாளிப்பில் செய்த சுரைக்காய்க் கூட்டை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். மூட்டுநோயும் குடல்நோயும் சேர்ந்தவருக்கு ருசி ஒரு சொகுசு அல்ல; பசி எடுப்பதே ருசியால்தான்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. குடல் நோய்களுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆய்வே மேற்கொண்டார்கள். ஆனால் ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவு கூடுகிறது. அதனால் உங்கள் வரிசையில் அது கடைசி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதால் கொதித்து ஆறிய நீரையே ஊற்றி மூடி வையுங்கள். பச்சை வெங்காயம் கடிக்க வேண்டாம். அவரிடம் "இரண்டு மாதம் பொறுங்கள், அத்தை" என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு வயிறு முறுக்கிப் பிடித்து, உப்பி, வாந்தி வந்தால் குடல் குறுகியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். அதுவரை நார், விதை, கொட்டை எதுவும் வேண்டாம்.

டைக்ளோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். இந்த வகை வலிமாத்திரைகள் குடல் நோயைக் கிளறிவிடக்கூடும். அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் குடலுக்கும் முதுகெலும்புக்கும் சேர்த்து வேலை செய்பவை. அவை உங்களுக்குத் தேவையா என்பதைக் குடல் மருத்துவரும் வாதநோய் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

கேள்வி: என் தந்தைக்குப் பெருங்குடல் புண் நோயும் கைவிரல் மூட்டுகளில் வலியும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து சல்ஃபாசலசின் ஒன்றையே கொடுத்திருக்கிறார்கள். இது சரிதானா? பத்தியமாகத் தக்காளி, கத்தரிக்காயை நிறுத்திவிட்டோம்.
– வாசகர், விருதுநகர்

பதில்: சரிதான். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் வாதநோயை மனத்தில் வைத்து உருவாக்கிய மருந்து அது. பெருங்குடலுக்கும் உதவுவது பிறகு தெரியவந்தது. ஃபோலிக் அமிலம் உடலில் சேர்வதை அது குறைக்கும் என்பதால், அந்த மாத்திரையும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தக்காளியும் கத்தரியும் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அப்பாவுக்குப் பிடித்தது எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால், தோல் நீக்கி, காரம் குறைத்து ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் வயிறும் விரலும் வழக்கம்போல் இருந்தால் தொடருங்கள்.