மாதத்துக்கொரு விழிப்புணர்வு: தோட்டத்துக்கு எது பொருந்தும்?

நீங்கள் கேட்டது: இந்த நோய் விழிப்புணர்வு நாள்களையும் மாதங்களையும் யார் தீர்மானிக்கிறார்கள், தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இதனால் என்ன பயன்?

ஒரே ஆள் தீர்மானிப்பதில்லை. மே 31 புகையிலை எதிர்ப்பு நாள், டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள் போன்றவற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவு உண்டு. அக்டோபரில் மார்பகப் புற்றுநோய் மாதம் 1985இல் அமெரிக்காவில் தொடங்கிப் பரவியது. வாய்ப் புற்றுநோய்க்கு அங்கே ஏப்ரலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம் இலங்கை மலையகத்துக்கு மிக அவசியமானது இந்த வாய்ப் புற்றுநோய் விஷயம்தான். ஆனால் ஏப்ரலில் கொழுந்து பொங்கி வரும், வருசப் பிறப்பும் கூடவே வரும். கூட்டம் போட்டால் யார் வருவார்? இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவது. மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடும் பெண்களும் தப்புவதில்லை. “நான் புகையிலை சேர்க்கிறதில்லையே” என்பார்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, காரம் பட்டாலே எரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டணம் கிடையாது. அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை.

அப்புறம், 35 வயதான பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. அந்தப் புற்றுநோய்க்கான விழிப்புணர்வு மாதம் ஜனவரி; அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கிளினிக் நாளைக் கேட்டாலே போதும்.