நோயாளி அழும்போது நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில் நர்சிங் படிக்கிறேன், மருத்துவமனையில் இது முதல் பயிற்சி, அட்டாச்மென்ட். நேற்று வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டி அழுதார். "அழாதீங்க பாட்டி, எல்லாம் சரியாயிடும்" என்றேன். "சரிம்மா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அந்த "சரிம்மா"வை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பதின்மூன்று வருடமாக இங்கே அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். இவளிடம் சொல்லிப் பயனில்லை என்பதை நம் பெரியவர்கள் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள்.

அழாதீங்க, ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க, கடவுள் பாத்துக்குவார். நமக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். வீட்டில் இவை அன்பான சொற்கள்தான். ஏனென்றால் சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், காபி போட்டுக் கொடுப்பார், ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்வார். வார்டில் நாம் அதே சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அப்போது அது பேச்சை முடித்துவைக்கிற சொல்லாகிவிடுகிறது. போதாததற்கு, ஒன்றும் ஆகாது என்று நமக்கே தெரியாது. நோயாளிக்கும் அது தெரியும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தம்பியிடம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். கட்டுமான இடத்தில் வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்குக் கால் பெல் அடித்தார். போனேன்.

"அக்கா, தண்ணி."

தண்ணீர் அவருடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்து, "தூக்கம் வரலையா தம்பி?" என்றேன்.

"வரலக்கா. இனிமே இந்தக் கை..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. பிசியோதெரபி குடுப்பாங்க. கவலைப்படாம தூங்குங்க." ட்ரிப்பைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பகலில் அவர் டிரெஸ்ஸிங் மாற்ற விடவில்லை. மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்தபோது, ஒத்துழைக்க மறுக்கிறார் என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். எனக்கு அந்த முடிக்காத வாக்கியம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணி ரவுண்டு முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நேத்து இந்தக் கைன்னு ஏதோ சொல்ல வந்தீங்க தம்பி. நான் முடிக்க விடல" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். வார்டில் ஒரு நிமிடம் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கோ ஒரு மருந்து பம்ப் கத்துகிறது, கால் தானாக எழப் பார்க்கிறது. நான் எழவில்லை. அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. அடிபட்டது ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொள்கிறார். டிரெஸ்ஸிங்கைப் பிரித்தால் டாக்டர் கையைப் பார்ப்பார், பார்த்தால் இவன் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதுவார், எழுதினால் விமானம் ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் பிரிக்க விடவில்லை.

அவருடைய கடனுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையிட விபத்துக்கு இங்கே இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, வொர்க் பர்மிட்டில் வந்தவர்களுக்கும் அது உண்டு என்று சொன்னேன். காலையில் மருத்துவ சமூகப் பணியாளர் வந்து பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன். கட்டைப் பிரிக்காமல் விட்டால் சீழ் பிடித்து விரலுக்கே ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னேன். காலை ஆறு மணிக்கு அவரே கையை நீட்டினார்.

இதைத்தான் வகுப்பில் தெராப்யூட்டிக் கம்யூனிகேஷன் என்று படிக்கிறீர்கள். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் வளரும் உறவுக்கே குணமாக்கும் வேலை உண்டு என்று அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952லேயே எழுதிவிட்டார். திறந்த கேள்வி, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, மௌனம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே தமிழாக்கி, "நீங்கள் வருத்தமாக உணர்கிறீர்கள் என்று தெரிகிறது" என்று ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். யாரோ அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். "மனசு சங்கடமா இருக்கா பாட்டி?" போதும்.

அதேபோல் "ஏன்" என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள். "ஏன் மருந்து சாப்பிடல?" என்பது தமிழில் கேள்வியே அல்ல, திட்டு. மாமியார் கேட்கிற தொனி அதில் வந்துவிடும். "மருந்து சாப்பிட என்ன கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால், முழுங்கினால் குமட்டுகிறது என்றோ, மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்றோ பதில் வரும்.

வலியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் வயதான பெண்கள் பலர் எண் சொல்ல மாட்டார்கள், "தாங்கிக்கிறேம்மா" என்பார்கள். அதைக் கேட்டு இரண்டு என்று குறித்துவிட்டுப் போகாதீர்கள். இருமினால் எப்படி இருக்கிறது, புரண்டு படுக்க முடிகிறதா, ராத்திரி வலியால் எழுந்தீர்களா என்று கேளுங்கள். தாங்கிக்கொள்வது என்றாலே அங்கே தாங்குவதற்கு ஏதோ இருக்கிறது.

நம்மவர்கள் துக்கத்தை உடம்பில் வைத்துச் சொல்வார்கள். நெஞ்சு அடைக்குது, வயிறு எரியுது, தலை கனக்குது. இது மனக்கஷ்டம்தான் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்றால் முதலில் பிபி, பல்ஸ், ஈசிஜி, டாக்டருக்குத் தகவல். அதெல்லாம் சரியாக இருந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் நெஞ்சு அடைத்தால், அப்போது உட்கார்ந்து கேளுங்கள்: "எப்பலேர்ந்து இப்படி அடைக்குது?" ஒரு அம்மா எனக்குத் தேதியே சொன்னார். அவருடைய கணவர் இறந்த நாள்.

"என்னைச் சீக்கிரம் கூட்டிக்கக் கூடாதா" என்று வயதானவர்கள் சொல்வதை நாம் பழக்கப் பேச்சாக எடுத்துக்கொள்வோம். பல சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், நேராகவே: "உங்க உயிரை நீங்களே முடிச்சுக்கணும்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். தற்கொலை முயற்சி 2020 ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் குற்றம் இல்லை. ஆனால் போலீஸ் வருமோ என்று பயந்து வாயைத் திறக்காதவர்களை இன்னும் பார்க்கிறேன், அதனால் இதை நானே சொல்லிவிடுவேன். "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "டாக்டர்கிட்டயும் சிஸ்டர் இன்சார்ஜ்கிட்டயும் சொல்லுவேன், உங்களைப் பாத்துக்கத்தான்" என்று சொல்லிவிட்டு அவரைத் தனியே விடாமல் தகவல் கொடுங்கள். வீட்டுக்குப் போகும்போது தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸின் 1767 எண்ணை எழுதிக் கொடுக்கலாம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் தமிழ் தெரிந்தவர் என்பதால் அடிக்கடி வரும். பிலிப்பைன்ஸ், மியன்மார், சீனா என்று எங்கிருந்தோ வந்த நர்ஸுகள் ஒரு தமிழ் நோயாளியிடம் கை ஜாடையில் மல்லாடிக்கொண்டிருப்பார்கள், உங்களைக் கூப்பிடுவார்கள். ஓடிப் போங்கள். மகனோ மகளோ மொழிபெயர்த்தால் பாதிதான் வந்து சேரும். அம்மா பயப்படக் கூடாது என்று அந்தப் பக்கமும், டாக்டரிடம் இதையெல்லாமா சொல்வது என்று இந்தப் பக்கமும் வெட்டிவிடுவார்கள். "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க மிஸ்ஸி" என்று லிஃப்ட் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட மகன்கள் உண்டு. அவரைக் கண்டிக்காதீர்கள், "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். அழப்போவது அவர்தான். அப்புறம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை.

கோபப்பட்டுக் கத்துகிறவர்களுக்கும் பாதி இதே வழிதான்: குரலைத் தாழ்த்தி, அவர் முடிக்கும் வரை இருங்கள். கை ஓங்கினாலோ கெட்ட வார்த்தை வந்தாலோ விலகி வந்து மூத்தவரைக் கூப்பிடுங்கள். அதைப் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமை இல்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ராத்திரியில் ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்று எனக்கும் தெரியும். இருக்கிற ஐந்து நிமிடத்தை ஐந்து நிமிடம் என்றே சொல்லிவிடுங்கள். "இப்ப அஞ்சு நிமிஷம் இருக்கு பாட்டி, மீதிய ஒன்பது மணி மருந்து குடுக்கும்போது கேக்குறேன்." ஒன்பது மணிக்குக் கட்டாயம் போங்கள்.

அடுத்த ஷிஃப்டில் அந்தப் பாட்டி இன்னும் அங்கேதான் இருப்பார் என்று நினைக்கிறேன். மைலோ கொண்டு போகும்போது நின்றுகொண்டே கொடுக்காமல் உட்கார்ந்து கொடுங்கள். "நேத்து அழுதீங்க பாட்டி. நான் அழாதீங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்" என்று ஆரம்பியுங்கள். பிறகு அவர் பேசட்டும்.