அப்பா கரையேறினாரா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, போன வருஷம் தவறிவிட்டார். அம்மா அய்யாவழிக்காரர், அவர்களின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்குப் போகிறவர். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு சபைக்குப் போகிறாள். அப்பா எங்கேயும் போனதில்லை. "மனசு சுத்தமா இருந்தா போதும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் கீழே விழுந்து படுத்தபோது அவர் மரங்களையும் அப்பாவே வெட்டி, கூலியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். விசுவாசிக்காமல் செத்தவருக்கு ரட்சிப்பு இல்லை என்று அக்கா அழுகிறாள். வருஷத் திதிக்கும் வரமாட்டேன் என்கிறாள். ரட்சிப்பு நம்பிக்கையால் வருவதா, நமக்குள்ளிருந்தே வருவதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் கவனியுங்கள். அப்பாவை இன்னொரு முறை இழந்துவிடுவோமோ என்ற பயம் அது. பாசம் இல்லாதவருக்கு அந்தப் பயம் வராது.

அவர் சொல்வதும் அவராகக் கிளப்பிய பேச்சு இல்லை. கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு ரட்சிக்கப்பட்டீர்கள் என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. கிரியைகள், அதாவது நற்செயல்கள், இல்லாத விசுவாசம் செத்தது என்று அதே பைபிளில் யாக்கோபின் நிருபம் சொல்கிறது. 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிய வாதத்தில் இதுதான் பெரிய சிக்கல். கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் மீட்பு அருளால் வருவது, நற்செயல் அதன் கனி என்று சேர்ந்து கையெழுத்திட 1999 ஆகிவிட்டது. ஆனால் அந்த நிருபங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதியவை. செத்துப்போனவரின் கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவை அக்காவுக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை.

அம்மாவோடு அய்யாவழியின் தலைமையிடமான சாமித்தோப்புக்குப் போயிருப்பீர்கள். பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான். தலைப்பாகை கட்டி நிற்கிறவர் தன் முகத்தையே பார்க்கிறார். இதை வைத்து, எல்லாம் உனக்குள்ளேதான், நம்பிக்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கண்ணாடி முன் முதலில் நின்றவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள். தலைப்பாகை கட்டும் உரிமைகூட மறுக்கப்பட்ட காலம் அது. உனக்குள்ளும் கடவுள் உண்டு என்று சொல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது, அவரை நம்பவும் வேண்டியிருந்தது. அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் மேல் அந்த நம்பிக்கை இல்லாவிட்டால், அந்தக் கண்ணாடி முன்னால் யார் நிமிர்ந்து நின்றிருப்பார்கள்?

நம் குமரி மண்ணில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயத்தையும் பாருங்கள். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றார், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உயிர் போகும் வரை விடாத விசுவாசம் உள்ளே வேர்விட்டிருந்தால் ஒழிய நிற்காது. ஆகவே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இறங்காத விசுவாசம் யாரையும் மாற்றியதில்லை. சுத்தமான மனசும் தானாக முளைப்பதில்லை, யாரோ விதைத்திருப்பார்கள்.

உங்கள் அப்பாவிடம் விசுவாசமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பால்வெட்டுகிறவருக்கு விடியற்காலை என்பது அன்றைய சோறு. அந்த நேரத்தை இன்னொருவர் மரத்துக்குக் கொடுத்தவர் எதையோ உறுதியாக நம்பித்தான் கொடுத்திருக்கிறார். அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அடிபட்டுக் கிடந்த அந்நியனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை அக்காவுக்குத் தெரியும். இருவரும் ஒரே மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவை விளக்கேற்றக் கூப்பிடாதீர்கள். அவர் மனசாட்சிக்கு அது ஆகாது, அதை மதிக்கத்தான் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். படைப்பதற்கு முன்னாலேயே அவர் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயக்கம் பாதி குறையும். அப்பாவுக்காக நன்றி சொல்லி ஒரு ஜெபம் செய்ய விரும்பினால் செய்யட்டும், அம்மாவைக் கூடவே உட்காரச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை மறக்காமல் அழையுங்கள். அந்த விடியற்காலைகளைப் பற்றி அக்கா அவர் வாயாலேயே கேட்கட்டும்.