நேற்று என்பது எந்தத் தேதி? ஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் கேள்விகள்

ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பில், தேதியைக் கணக்கிடும்போது வரும் கேள்விகள் இவை. கட்டளைகளை ஃபோனில் ஒருவருக்குச் சொல்வதுபோல உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டு சர்வரில் நேற்றைய தேதியைக் கோப்பின் பெயரில் போட்டு பேக்கப் எடுக்கிறேன். கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. அதே வரியை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் சேவை) போட்டால் கோப்பே உருவாவதில்லை. ஏன்?

சதவீதக் குறிதான் காரணம். நேற்றைய தேதிக்கு டேட் கட்டளையில் மைனஸ் டி போட்டு, யெஸ்டர்டே என்று கொடுத்து, அப்புறம் ஆண்டு, மாதம், நாள் வேண்டும் என்பதைச் சதவீதக் குறிகளால் சொல்கிறீர்கள். கிரான் ஓட்ட வேண்டியவற்றின் பட்டியலான கிரான்டாப்பின் வரியில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் உண்டு. முதல் சதவீதக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டது என்று கிரான் எடுத்துக்கொள்ளும். பின்னால் இருப்பதையெல்லாம் அந்தக் கட்டளைக்கான உள்ளீடாக அனுப்பிவிடும். உங்கள் வரி அடைப்புக்குறி மூடாமலே பாதியில் அறுந்து போகிறது.

ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகிவிடும். ஆனால் கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து, கிரான்டாப்பில் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் எழுதுவதே நல்லது. வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பி விடுங்கள். கிரான் பிழையை மெயிலில்தான் அனுப்பும். மெயில் அமைக்காத சர்வரில் அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படவே படாது.

கேள்வி: எங்கள் அலுவலகம் சென்னையில், சர்வர் கிளவுடில். இரவு 2 மணிக்கு ஓடும் ஸ்கிரிப்ட் நேற்றைய தேதிக்குப் பதிலாக முந்தாநாள் தேதியைத் தருகிறது. பகலில் சோதித்தால் சரியாக இருக்கிறது.

பகலில் சரியாக வருவதால்தான் இந்தப் பிழை நெடுநாள் மறைந்தே இருக்கும். சர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குப் 10ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால் சர்வருக்கு 9ஆம் தேதி இரவு 8.30. அதன் 'நேற்று' 8ஆம் தேதி. நள்ளிரவு முதல் காலை 5.30 வரை இப்படித்தான் ஒரு நாள் பின்தங்கும். பேக்கப்பும் அறிக்கையும் ஓடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

டேட் கட்டளைக்கு முன்னால், நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற வேரியபிளில் ஏசியா சாய்கோடு கொல்கத்தா என்று கொடுங்கள். அந்த ஒரு கட்டளை மட்டும் இந்திய நேரப்படி கணக்கிடும். சர்வரின் நேர மண்டலத்தையே மாற்றாதீர்கள்; அந்த நேரத்தை நம்பி இன்னும் என்னென்ன ஓடுகின்றனவோ. இன்னொரு எச்சரிக்கை: டிஇசட்டில் வெறும் ஐஎஸ்டி என்று எழுதினால் லினக்ஸ் மறுக்காது. யுடிசி நேரத்தையே எடுத்து, பக்கத்தில் ஐஎஸ்டி என்று ஒட்டிக் காட்டும். பெயரைப் பார்த்து இந்திய நேரம் என்று நம்பிவிடுவோம்.

கேள்வி: 'போன மாதம்' என்று கேட்டால் சில நாட்களில் இந்த மாதமே வருகிறது. லினக்ஸில் பிழையா?

பிழை இல்லை, ஆனால் இதனால் வரும் சேதம் நிஜமானது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் போன மாதக் கணக்கறிக்கையை எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எப்போதும் 1ஆம் தேதி ஓடும். ஒரு முறை யாரோ கேட்டார்கள் என்று மார்ச் 31 அன்று கையால் ஓட்டினோம். பிப்ரவரி அறிக்கைக்குப் பதிலாக மார்ச் மாத அறிக்கை வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, அறிக்கையும் பார்க்க ஒழுங்காக இருந்தது. தொகை உதைக்கிறது என்று வேறொருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். மார்ச் 31லிருந்து ஒரு மாதம் குறை என்றால் லினக்ஸின் டேட் முதலில் மாத எண்ணில் ஒன்றைக் குறைக்கும். பிப்ரவரி 31 வரும். அப்படி ஒரு நாள் கிடையாது. எனவே பிப்ரவரியைத் தாண்டி வழிந்த நாட்களை மார்ச்சில் சேர்த்துவிடும். 2025இல் விடை மார்ச் 3, லீப் ஆண்டான 2024இல் மார்ச் 2. மே 31, ஜூலை 31, அக்டோபர் 31, டிசம்பர் 31 ஆகிய நாட்களிலும் இதே கதைதான். அந்தந்த மாதத்தின் 1ஆம் தேதியே வந்து நிற்கும். மார்ச்சின் 29, 30, 31 ஆகியவற்றையும் சேர்த்தால் சாதாரண ஆண்டில் 7 நாட்கள் இந்தக் கட்டளை தப்பாகப் பதில் சொல்லும். லீப் ஆண்டில் 6. மீதி நாளெல்லாம் சரியாகவே ஓடும் என்பதால் சோதனையில் சிக்காது.

அதனால் இன்றைய தேதியிலிருந்து மாதத்தைக் கழிக்காதீர்கள். முதலில் மாதத்தின் நடுவில் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டையும் மாதத்தையும் இன்றிலிருந்து எடுத்து, நாளுக்கு மட்டும் 15 என்று நீங்களே எழுதி, அதிலிருந்து ஒரு மாதம் குறையுங்கள். எந்த மாதத்திலும் 15 உண்டு, விடை வழியாது. லினக்ஸின் டேட்டை உருவாக்கிய ஜிஎன்யூ திட்டத்தின் கையேடும் இதே வழியைத்தான் சொல்கிறது. போன மாதத்தின் கடைசி நாள் வேண்டுமா? நாளுக்கு 01 போட்டு ஒரு நாள் குறையுங்கள். 28ஆ, 29ஆ, 30ஆ, 31ஆ என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

மேக்கின் டேட்டும், விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லும் வேறு மாதிரி. மார்ச் 31லிருந்து ஒரு மாதம் குறைத்தால் அவை பிப்ரவரியின் கடைசி நாளில் நின்றுவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள், சாதாரண ஆண்டில் மார்ச் 28 வரும், 31 வராது. எனவே அங்கேயும் 15ஐப் பிடித்துக்கொள்வதே என் வழக்கம்.

கேள்வி: மேக்கில் மைனஸ் டி யெஸ்டர்டே வேலை செய்யவில்லை.

மேக்கில் இருப்பது பிஎஸ்டி (யுனிக்ஸின் ஒரு கிளை) வகை டேட். நேற்றைய தேதிக்கு அதில் மைனஸ் வி, அதை ஒட்டி மைனஸ் 1, அதை ஒட்டி சின்ன டி. இடைவெளி வேண்டாம்.

கேள்வி: மாத எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கும் பாஷ் (லினக்ஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் ஏழு மாதம் நன்றாக ஓடியது. ஆகஸ்ட் 1 அன்று நின்றுவிட்டது.

செப்டம்பரிலும் நிற்கும், அக்டோபரில் தானாகச் சரியாகிவிடும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அந்த முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 01லிருந்து 07 வரை எந்த முறையில் படித்தாலும் ஒரே மதிப்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 08 வந்ததும் இப்படி ஓர் எண்ணே கிடையாது என்று நின்றுவிடும். 10இல் முன்பூஜ்யம் இல்லை, பிரச்சினையும் இல்லை. நாள் எண்ணைக் கழிப்பவர்களுக்கு இது ஒவ்வொரு மாதமும் 8, 9 தேதிகளில் வரும்.

வேரியபிளுக்கு முன்னால் 10ஐயும் ஹேஷ் குறியையும் ஒட்டி எழுதினால் பதின்ம எண்ணாகவே படிக்கும். விண்டோஸின் ஸ்கிரிப்டான பேட்ச் கோப்பில் கணக்குப் போட செட் சாய்கோடு ஏ பயன்படுத்துபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

கேள்வி: விண்டோஸ் பேட்ச் கோப்பில் நேற்றைய தேதி எப்படி எடுப்பது?

பேட்ச் மொழியில் தேதிக் கழித்தல் கிடையாது. டேட் வேரியபிளை எழுத்தெழுத்தாக வெட்டி எடுக்கும் பழைய வழியை விட்டுவிடுங்கள். அந்த வடிவம் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஒன்றில் நாள் முதலில் வரும், இன்னொன்றில் மாதம். பேட்ச் கோப்பின் உள்ளிருந்தே பவர்ஷெல்லைக் கூப்பிட்டு, கெட்-டேட்டின் விடையில் ஆட்-டேஸ் மைனஸ் 1 போடுங்கள். வடிவம் கொடுக்கும்போது மாதத்துக்குப் பெரிய எம். சின்ன எம் என்றால் நிமிடம். காலை 9.45க்கு ஓட்டினால் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 45 உட்கார்ந்திருக்கும். 9.05க்கு ஓட்டினால் மே மாதம்போலவே தெரியும், அதுதான் ஆபத்து.

கேள்வி: இப்போதைய நொடி எண்ணிலிருந்து (1970 தொடக்கம் முதல் கணினி எண்ணிவரும் நொடிகள்) ஒரு நாளின் 86,400 நொடிகளைக் கழித்தால் நேற்று வந்துவிடுமே?

இந்தியாவில் வரும். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வராது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். 2025 மார்ச் 9, ஞாயிறு அன்று நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். திங்கள் அதிகாலை 12.30க்கு ஓடும் ஸ்கிரிப்ட் 24 மணி நேரத்தைக் கழித்தால் சனி இரவு 11.30க்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையின் தரவு யாராலும் தொடப்படாமல் கிடக்கும். நவம்பர் 2 அன்று நேரெதிர். அந்த நாளுக்கு 25 மணி நேரம். இரவு 11.30க்குக் கழித்தால் அதே நாளின் அதிகாலை 12.30தான் வரும்.

நாளைக் கழியுங்கள், நொடிகளை அல்ல. கழிப்பதற்கு முன் இன்றைய தேதியோடு பகல் 12 மணியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் பத்திரம். நடுப்பகலில் அங்கே யாரும் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று எண்ணும்போது மட்டும் நொடிக் கணக்கு சரி. ஆனால் இரண்டு பக்கமும் மைனஸ் யு போட்டு யுடிசியில் எடுத்து, அப்புறம் 86,400ஆல் வகுக்க வேண்டும்.

கேள்வி: தேதியும் நேரமும் கொடுத்து 'மைனஸ் 1 டே' என்றேன். ஒரு நாள் பின்னால் போவதற்குப் பதில் முன்னால் போகிறது!

நேரத்துக்குப் பின்னால் வரும் மைனஸ் 1ஐ நேர மண்டலம் என்று டேட் படித்துவிட்டது. மிச்சமிருக்கும் 'டே' அதற்கு ஒரு நாள் கூட்டு என்று ஆகிறது. '1 டே அகோ' என்று எழுதுங்கள்.

கேள்வி: கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் எம்டைம் (கோப்பு கடைசியாக மாறிய நேரம்) பிளஸ் 7 போட்டு ஒரு வாரத்துக்கு மேலான லாக்குகளை அழிக்கிறேன். ஏழரை நாள் ஆன கோப்பு போகாமல் நிற்கிறது.

ஃபைண்ட் கோப்பின் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி, மிச்சத்தை விட்டுவிடும். ஏழரை என்பது 7. பிளஸ் 7 என்றால் ஏழைவிட அதிகம், அதாவது 8 நாள் முழுசாக ஆகியிருக்க வேண்டும். ஏழு நாள் நிறைந்ததும் போக வேண்டுமானால் பிளஸ் 6 போடுங்கள்.

அதைவிட முக்கியம், டிலீட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். டிலீட்டை எம்டைமுக்கு முன்னால் எழுதியிருந்தால் வயதைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் டிலீட் இருக்கும் இடத்தில் பிரிண்ட் என்று எழுதி ஓட்டுங்கள். பட்டியலை வரிவரியாகக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ஆண்டுகளுக்கும் டேட்டை நம்பலாமா?

1947 ஆகஸ்ட் 15ஐக் கொடுத்துப் பாருங்கள், வெள்ளி என்று சரியாகச் சொல்லும். ரொம்பப் பின்னால் போனால் மட்டும் கவனம். டெர்மினலில், நாட்காட்டியைக் காட்டும் 'கால்' கட்டளையைக் கால் 9 1752 என்று அடித்தால், பெரும்பாலான லினக்ஸ்களில் செப்டம்பர் 2க்கு அடுத்து 14 வரும். பிரிட்டன் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது விடுபட்ட 11 நாட்கள் அவை. டேட் அந்த மாற்றத்தைப் பார்ப்பதில்லை. கிரெகோரியன் கணக்கையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகும். பழைய ஆவணங்களோடு ஒப்பிடுபவர்கள், அந்த ஆவணம் எந்த நாட்காட்டியில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.