குழு சொல்லும் கன்சோலைத்தான் வாங்க வேண்டுமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம். பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சித்தப்பா வீட்டு பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் (டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி) விளையாடி வளர்ந்தவன். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில், பிளேஸ்டேஷன் ரசிகர்களின் தமிழ்க் குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்துக்கு, போட்டி நிறுவனமான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்தான் கட்டுப்படியாகிறது. குழுவில் இதைச் சொன்னதும் 'துரோகி' என்று எழுதிவிட்டார்கள். மனது மிகவும் சங்கடப்படுகிறது. கடன் வாங்கியாவது பிளேஸ்டேஷன் 5 வாங்கிவிடலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம், தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சங்கடத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். நான்கு ஆண்டுகள் இரவில் கூடிப் பேசி, தோற்று, ஜெயித்து, பரீட்சை பயத்தைக்கூடப் பகிர்ந்துகொண்ட கூட்டம் அது. ஊரில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த விளையாட்டின் பெயரே தெரியாதபோது, எங்கோ ஓசூரிலும் ஜாஃப்னாவிலும் இருப்பவர்கள் உங்கள் பேச்சைப் புரிந்துகொண்டார்கள். அந்த நட்பு உண்மையானது. அதைக் காப்பாற்றிக்கொள்ள என்ன தேவை என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு குறிப்பிட்ட பெட்டியை வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

உங்கள் குழு பேசுவதே டிஸ்கார்டில். 2022 முதல் எக்ஸ்பாக்ஸிலும் 2023 முதல் பிளேஸ்டேஷன் 5-இலும் டிஸ்கார்ட் குரல் உரையாடல் வசதி இருக்கிறது. நீங்கள் எந்தக் கன்சோலில் இருந்தாலும் அதே அறையில் அதே நண்பர்களுடன் பேசலாம். அடுத்து, சேர்ந்து விளையாடுவது. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், மைன்கிராஃப்ட் போன்றவற்றில் இரண்டு கன்சோல்காரர்களும் ஒன்றாக விளையாடலாம். இதற்கு நீண்ட காலம் வழிவிடாமல் இருந்த, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி, 2018 செப்டம்பரில்தான் ஃபோர்ட்நைட்டில் தொடங்கிக் கதவைத் திறந்தது. ஈஏ ஸ்போர்ட்ஸ் கால்பந்து விளையாட்டுகளிலும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதலாம். ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டில் அப்படி முடியாது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய விளையாட்டு எக்ஸ்பாக்ஸுக்கே வரவில்லை. ஆகவே குழுவில் ஐநூறு பேர் இருந்தாலும், உங்களோடு வாரந்தோறும் உட்காரும் அந்த நான்கைந்து பேர் எதை விளையாடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அவர்கள் ஜிடிஏ ஆன்லைன் கூட்டம் என்றால் சீரிஸ் எஸ் உங்களைப் பிரித்துவிடும். கால்பந்துக் கூட்டம் என்றால் பிரிக்காது. விலைக்கு அடுத்தபடி இந்த ஒரு விவரம்தான் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் சொத்து. சித்தப்பா வீட்டில் பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகள் இருக்கின்றனவா? உங்கள் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் இருக்கின்றனவா? டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-இல் அந்தப் பழைய டிஸ்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஓடும். எக்ஸ்பாக்ஸுக்கு மாறினால் அவற்றை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதோடு சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவ் கிடையாது. விளையாடி முடித்த டிஸ்கை நண்பனுக்குக் கொடுப்பதோ பாதி விலைக்கு விற்பதோ நடக்காது. அறிமுகமானபோது இந்தியாவில் சீரிஸ் எஸ் விலை 34,990 ரூபாய்; டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 விலை 49,990 ரூபாய். இந்த 15,000 ரூபாய் வித்தியாசம் முழுதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாண்டுகளில் டிஸ்க் வாங்கி விற்பவருக்கு அதில் கணிசமான பகுதி திரும்பிவிடும். காலம் போகப் போக விலை குறையும் என்று காத்திருப்பதும் இப்போது பழைய கணக்கு. 2021 பிப்ரவரியில் 49,990-க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. காத்திருப்பதானால் பண்டிகைக் காலத் தள்ளுபடிக்காகக் காத்திருங்கள்.

'துரோகி' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் 1970-இல் வெளிவந்தன. ஒரு சோதனையில், க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டுச் சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். தன் அணியில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆனாலும் மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது தன் அணிக்கு அதிகம் கொடுத்தார்கள். எதிரணியைவிட அதிகம் கிடைத்தால் போதும் என்று, தன் அணிக்கு வரக்கூடிய மொத்தத்தைக் குறைத்துக்கொள்ளக்கூட முனைந்தார்கள். ஓவியர் பெயருக்கே இப்படி என்றால், ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு வாங்கிய கன்சோலுக்கு எப்படி இருக்கும்? வீட்டில் கெஞ்சி அதை வாங்கிய பையனுக்கு, தான் எடுத்த முடிவு சரிதான் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் வேறு வாங்கினால், அவன் வாங்கியது தவறு என்று நீங்கள் சொன்னதுபோல அவனுக்குப் படுகிறது. உங்கள்மேல் வெறுப்பு அல்ல அது. ஒரு வாரம் பொறுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறையும்போது அவனே கூப்பிடுவான்.

நிறுவனங்கள் இந்த விசுவாசத்தைத் திருப்பிச் செலுத்துவதில்லை என்பதையும் அவனிடம் அன்பாகச் சொல்லுங்கள். சேகா என்ற கன்சோல் நிறுவனத்தின் ரசிகர்கள், போட்டி நிறுவனமான நிண்டெண்டோவின் ரசிகர்களோடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். 1998-இல் வந்த ட்ரீம்காஸ்ட் கன்சோலை 2001-இல் சேகா நிறுத்தியது. அதே ஆண்டு இறுதியில் சேகாவின் ஸோனிக் விளையாட்டு, நிண்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று மைக்ரோசாஃப்ட் தன் ஃபோர்சா ஹொரைசன் 5 விளையாட்டை பிளேஸ்டேஷன் 5-க்கே கொண்டுவந்துவிட்டது. சோனியின் காட் ஆஃப் வார் விளையாட்டு 2022-இலேயே கணினிக்குப் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் மதிலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காவல் நிற்கும் வேலையை நம் பிள்ளைகள் ஏன் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும்?

கேள்வி: எங்களுக்கு மேலப்பாளையம். மகனுக்கு 15 வயது. துபாயில் இருக்கும் அவனுடைய மாமா ஊருக்கு வரும்போது நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே வாரண்டி கிடைக்குமா? அங்கிருந்து வாங்குவது நல்லதா?

பதில்: வாரண்டியை நம்பி வாங்க வேண்டாம், அம்மா. நிண்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்சை அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை. இங்கே கடைகளில் கிடைப்பவையும் இறக்குமதி செய்து விற்கப்படுபவைதான். பழுதானால் தனியார் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டியிருக்கும், அல்லது மாமா திரும்பப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே துபாய் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கன்சோல் போன்ற மின்னணுச் சாதனங்களை இந்தியாவில் விற்க பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் அந்தப் பதிவு எண் இல்லாமல் விற்கும் உள்ளூர்க் கடைக்காரரின் 'ஒரு வருட வாரண்டி' என்பது அவர் வாய்வார்த்தைதான். அந்த வகையில், பில்லோடு வரும் மாமாவின் பெட்டியே மேல்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கும் 230 வோல்ட்தான். பிளக் முனை மட்டும் மூன்று பட்டைக் கம்பியாக இருக்கும், மாற்றி ஒன்று வாங்கினால் போதும்.

மகனிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவனுடைய நண்பர்களில் ஸ்விட்ச் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறாரா? தனியாக, அல்லது தங்கையோடு வீட்டில் உட்கார்ந்து விளையாட ஸ்விட்ச் மிக நல்ல சாதனம். பள்ளித் தோழர்கள் எல்லாரும் பிளேஸ்டேஷனில் இருந்தால், விலை உயர்ந்த பரிசு வந்தும் பிள்ளை கூட்டத்துக்கு வெளியே நிற்பான். டிக்கெட் போடுமுன் மாமாவிடம் இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: ரசிகர் குழு ஒன்றின் நிர்வாகியிடம் பழைய பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். யுபிஐயில் பணம் அனுப்பினேன், கூரியரில் வந்தது. கண்ட்ரோலர் குச்சி தொடாமலே நகர்கிறது, டிஸ்க் பாதியில் நிற்கிறது. கேட்டால், 'நாமெல்லாம் ஒரே குடும்பம், குழுவில் இதைப் பேசாதே' என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (தென்காசி)

பதில்: அவர் தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்றவர் என்றால் பொதுவாக நுகர்வோர் வழக்கு நிற்காது. இதையே தொழிலாகச் செய்கிறவர், பலருக்கும் விற்றிருக்கிறார் என்று காட்ட முடிந்தால் அவர் வியாபாரி. அப்போது வழி உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாத மோசடி என்றால் அது வேறு. உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

உரையாடல்களை, பணம் அனுப்பிய ரசீதை, பெட்டியைத் திறந்தபோது எடுத்த வீடியோவை அழிக்காதீர்கள். குழுவிலும் பேசுங்கள். ஏசாமல், நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். அடுத்து ஏமாறப் போகிறவனும் அதே குழுவில்தான் இருக்கிறான். அவனை எச்சரிப்பதைவிடக் குடும்பத்துக்குச் செய்யும் நன்மை வேறு என்ன இருக்கிறது? மௌனம் கேட்கும் குடும்பத்தை நான் ஏற்க மாட்டேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு: பழைய கன்சோலைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். நெல்லை வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ சந்தித்து, டிவி உள்ள இடத்தில் அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட விடுங்கள். விசிறி இரைகிறதா, எச்டிஎம்ஐ துளை ஆடுகிறதா, டிஸ்க் உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்து ஆன்லைனில் ஒரு ஆட்டம் போடுங்கள். நிறுவனம் ஆன்லைனில் தடை செய்த கன்சோல் என்றால் அங்கே தெரிந்துவிடும். விற்பவர் தன் கணக்கை நீக்கி எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பது உங்கள் கண்முன் நடக்க வேண்டும். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கன்சோலில் உள்ளதும் ஒன்றா என்று கடைசியாகப் பாருங்கள். டிஸ்க் டிரைவைத் தனியே கழற்றி மாட்டும் புதிய வகை பிளேஸ்டேஷன் 5 என்றால், டிரைவை மாற்றி மாட்டியபின் இணையத்தோடு ஒருமுறை இணைத்தால்தான் அது வேலை செய்யும்; வீட்டுக்கு வந்து திகைக்க வேண்டாம்.

கேள்வி: சேரன்மகாதேவியில் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்கள் இடைவேளையில்கூட எந்தக் கன்சோல் உயர்ந்தது என்றே சண்டையிடுகிறார்கள். இந்த ரசிகர் குழுக்களால் வாங்குகிறவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: மிகுந்த பயன் உண்டு, ஐயா. அவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிட்டு நிறுவனத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வருமுன், நாளுக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்த்தால்தான் ஓடும், பழைய டிஸ்குகளை விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், ஜூன் 19 அன்று இரண்டையும் கைவிட்டது. 2021-இல் பிளேஸ்டேஷன் 3, கையடக்க வீட்டா ஆகிய பழைய கன்சோல்களின் ஆன்லைன் கடைகளை மூடப்போவதாகச் சொன்ன சோனி, எதிர்ப்பைப் பார்த்து ஏப்ரலில் பின்வாங்கியது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் விளையாடுகிறவர்களும் சோனி கணக்கு தொடங்கியாக வேண்டும் என்ற உத்தரவு, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

சத்தம் பலிக்காத இடத்தில் என்ன ஆனது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 2023 மார்ச் 27-இல் நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் ஆன்லைன் கடைகள் மூடப்பட்டன; 2024 ஜூலை 29-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆன்லைன் கடை மூடப்பட்டது. அங்கே மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனி யாரும் நேர்வழியில் வாங்க முடியாது. எந்தக் கன்சோல் உயர்ந்தது என்று கேட்கும் பிள்ளைகளிடம், 'நீ காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு பத்து வருடம் கழித்தும் உன்னிடம் இருக்குமா? எந்தக் கம்பெனி அதற்கு உறுதி தருகிறது?' என்று கேட்டு, வகுப்பிலேயே விவாதிக்க விடுங்கள். நல்ல வாதம் வரும்.

கேள்வி: வள்ளியூர் பக்கம் கிராமம். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய்விடுகிறது. அடிக்கடி பாதியில் விலகுவதால் அணியிலிருந்து எடுத்துவிடுவோம் என்கிறார்கள். என்ன வாங்கலாம்?

பதில்: முதலில் இணைய மோடத்துக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கன்சோல், டிவி இரண்டையும் அந்த இணைப்பில் போடலாமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 5 கனமான ஆட்டத்தில் சுமார் 200 வாட் இழுக்கும், சீரிஸ் எஸ் அதில் பாதிகூட இழுக்காது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ஒரு கணினி யுபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும்; சேமித்துவிட்டு, அணிக்குச் சொல்லிவிட்டு முறையாக அணைக்க அது போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மின் வாரியம் முன்கூட்டியே செய்தித்தாளில் அறிவிக்கிறது. உங்கள் துணை மின்நிலையத்தின் நாளைப் பார்த்துக் குழுவில் முதல் நாளே எழுதிவிடுங்கள். அன்று உங்கள் இடத்தில் வேறொருவரை இறக்கிக்கொள்வார்கள்.