இழுத்தால் கழலும் மருந்து: கேள்வி பதில்

பாலிமர், அதாவது சிறு அலகுகள் கோத்த நீள மூலக்கூறுச் சங்கிலியில், மருந்து போன்ற ஒரு சிறு மூலக்கூறைக் கட்டிவைத்து, சங்கிலியை இழுத்து அதைக் கழற்றிவிடும் வித்தை பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

திருவொற்றியூரிலிருந்து ஒரு டயர் தொழிலாளி: சார், மில்லில் போட்டு அரைத்தால் ரப்பர் இளகுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

பங்காளிகள்தான். ரோலர்களுக்கு நடுவே சிக்கிய நீளச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன. அறுந்த முனைகளை ஆக்சிஜன் பிடித்துக்கொள்வதால் அவை மறுபடி ஒட்டுவதில்லை. லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820-லேயே அரைக்கும் எந்திரம் செய்துவிட்டார். காரணம் பிறகுதான் புரிந்தது. ஆனால் மில்லில் கழன்று வர எதுவும் கட்டிவைக்கப்படவில்லை. இங்கே சட்டென்று விட்டுக்கொடுக்கும் பிணைப்பு ஒன்றைத் தெரிந்தே வைக்கிறார்கள். அதன் பெயர் மெக்கானோஃபோர்.

காசிமேடு: நைலான் நூல் முடிச்சில்தான் அறும். இது எங்கே அறும்?

அருமையான கேள்வி! முடிச்சு இல்லாத சங்கிலி நடுவில் அறும். ஆய்வுக்கூடத்தில் கரைசலுக்குள் நொடிக்கு 20,000 அதிர்வு கொடுப்பார்கள். குமிழிகள் உண்டாகி நொறுங்கும். திரவம் அந்தப் பக்கம் பாயும். குமிழிக்கு அருகில் உள்ள முனை வேகமாகப் போக, மறுமுனை பின்தங்கும். வடம் இழுக்கும் போட்டி மாதிரி, இழுவை நடுவில்தான் உச்சம். ஆகவே முடிச்சை, அதாவது மெக்கானோஃபோரை, அங்கேயே வைக்கிறார்கள். சங்கிலி குட்டையாக இருந்தால் தப்பித்துவிடும்.

வியாசர்பாடி மாணவர்: அண்ணா, அறுந்ததும் மருந்து வெளியே வந்துவிடுமா?

இல்லை தம்பி, இரண்டு கட்டம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மேக்ஸ்வெல் ராப் குழு 2019-இல் செய்ததைப் பார். ஃபியூரான், மலிமைடு என்ற இரண்டு மூலக்கூறு வளையங்கள் சேர்ந்த பிணைப்பை இழுவை பிரிக்கிறது; இதுதான் இங்கே மெக்கானோஃபோர். அதுவரை அடங்கியிருந்த ஃபர்ஃபியூரில் கார்பனேட் என்ற பகுதி வெளிப்படுகிறது. அது நிலையாக இருக்காது; அறை வெப்பத்திலேயே தானாகச் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடோடு சுமையையும், அதாவது கட்டிவைத்த சிறு மூலக்கூறையும், விடுகிறது. சுமையாக வைத்தது கூமரின் சாயம். கழன்றால் ஒளிரும், எவ்வளவு வந்தது என்று அளந்துவிடலாம்.

தண்டையார்பேட்டை: அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. இது எப்போது வரும்?

அக்கா, இது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. நான் சொன்ன அந்த அதிர்வு உடம்புத் தசையைக் கெடுத்துவிடும். உடல் தாங்கும் குவிந்த மீயொலியை (காதுக்குக் கேட்காத ஒலி), வாயு நிரம்பிய நுண்ணிய புரதப் பைகளின் துணையோடு பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அளவும் ஒரு தலைவலி: நடுவில் ஒரே ஒரு சுமை என்றால், மூலக்கூறு எடை 1,00,000 உள்ள சங்கிலி 300 எடை மருந்தைத்தான் தரும். சங்கிலி அறாமலே பக்கவாட்டில் சுமையை உதிர்க்கும் வகையும் உண்டு, ஆனால் உதிர்வது கொஞ்சம்தான். இதை நம்பி இப்போதைய சிகிச்சையில் ஒரு தவணையையும் தள்ளிப்போடாதீர்கள்.